பத்தொன்பதாவது நிமிடத்தில் நிறுத்திய படம்

இதை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படிதான் பட விழாக்காரர் கேட்டார்கள். எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்குள் நான் பெரிய நியாயவாதியாகிவிட்டேன். அலுவலக ஆங்கிலம் எனக்கு அப்படித்தான் பழகிப்போயிருக்கிறது, எந்தப் பிழையையும் அழகாக மடித்து வைத்துவிடும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பட விழாக்களில் தெரிவு வேலைக்குச் சேர்ந்திருக்கிற எங்கள் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நான் பதினொரு வருடம் ஒரு சிறிய விழாவுக்குப் படம் பார்த்துக் கொடுத்தவள். பிரிட்டனில் பெரிய நிறுவனங்களின் கை படாமல் எடுக்கப்படுகிற புதிய படங்களின் விழா அது. கதைப்படம், ஆவணப்படம், குறும்படம் எல்லாம் வரும். நவம்பரில் சிட்னியில் பத்து நாள், பிறகு மெல்பேர்ணில் ஐந்து நாள். அதற்கு முன் வந்து குவிகிற படங்களை யாராவது ஒருவர் முதலில் பார்த்து, இது மேலே போகலாம், இது வேண்டாம் என்று பிரிக்க வேண்டும். அந்த யாராவதுதான் நான். வீட்டில் இருந்து படம் பார்க்கிறதுதான் வேலை என்று சொன்னால், "குடுத்து வைச்சனீங்கள்" என்பார்கள் எங்கள் ஆட்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

குடுத்து வைத்த வேலை எப்படி இருக்கும் தெரியுமா? சிட்னி நார்த்மீட்டில் என் வீட்டின் பின் அறை. இங்கே கோடையான தை மாதத்து வெயில் உள்ளே வராமல் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு மழையில் நடக்கிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிப்பு வந்தால் பக்கத்தில் திரும்புவேன். கதிரை காலியாக இருக்கும். என் கணவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். மகன் பேர்த் நகரத்தில். சில கிழமைகளில், ஒரு முழு நாளில் நான் கேட்ட மனிதக் குரல்கள் எல்லாம் எங்கேயோ இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்டவையாகவே இருக்கும். தனிமை என்று இதைச் சொல்ல எனக்கு நெடுநாள் எடுத்தது. வேலைப் பளு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் விழாவின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், ஒரு வெள்ளைக்காரப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். முதல் வருடம் ஒரு நல்ல நகைச்சுவைக் குறும்படத்துக்கு நான் பத்துக்கு மூன்று மார்க் போட்டிருந்தேன். அவள் தொலைபேசியில் கூப்பிட்டு, அன்று காலை என்ன செய்தாய் என்று கேட்டாள். பல் பிடுங்கிவிட்டு வந்தேன் என்றேன். "அப்ப நீ பல்லுக்கு மார்க் போட்டிருக்கிறாய்" என்றாள். அன்றைக்கு ஒரு வழக்கத்தை எனக்குச் சொல்லித் தந்தாள். ஒரு படத்தை நிறுத்த வேண்டும் போலிருந்தால் நிறுத்தலாம், குற்றமில்லை. ஆனால் எத்தனையாவது நிமிடம் என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஏன் என்று எழுத வேண்டும். மார்க் அதற்குப் பிறகுதான். நான் அன்றைக்கே ஒரு தடித்த கொப்பி வாங்கினேன். நிமிடத்தை ஒழுங்காக எழுதினேன். ஏன் என்பதை எழுதுவது போகப்போகக் குறைந்தது. ஆர் அந்தக் கொப்பியைப் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம்.

இப்போது நான் செய்த பிழைக்கு வருகிறேன். அதைச் செய்த அன்று, ஒரு வயதான மனுசி தன் தம்பியின் முகத்தை இன்னொரு தடவை பார்ப்பாவா மாட்டாவா என்பது என் கையில் இருந்தது. எனக்கு அது தெரியாது. படத்தை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.

அது ஐம்பத்திரண்டு நிமிட ஆவணப்படம். எடுத்தது இங்கிலாந்தில் பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. அந்த நாட்டின் வடக்கே ஒரு கடற்கரைப் பட்டணத்தில் தனியாக இருக்கிற சிவபாலன் என்ற முதியவரைப் பற்றியது. அவர் காலையில் எழும்புகிறார், சவரம் செய்கிறார், காற்றில் குடை மடங்க மடங்கக் கடைக்குப் போய்ப் பால் வாங்குகிறார். பத்தொன்பதாவது நிமிடத்தில் திரும்பி வருகிறார். வெளிக்கிடும்போது குசினியில் போட்டுவிட்டுப் போன ரேடியோ இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறது. மனுசன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்து, "வந்திட்டன்" என்கிறார்.

நான் நிறுத்தினேன். கொப்பியில் 19 என்று எழுதினேன். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. பத்துக்கு நாலு மார்க் போட்டு, "மிக மெதுவாக நகர்கிறது, பொதுப் பார்வையாளருக்கு எட்டாது" என்று குறிப்பும் எழுதி அனுப்பினேன்.

அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று இருந்தது. முந்திய வருடம் நான் ஒரு தமிழ்க் குறும்படத்துக்கு நல்ல மார்க் போட்டபோது, தெரிவுக் குழுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "உனக்குப் பிடிக்கும்தானே" என்று சொல்லியிருந்தார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. எங்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது, உங்களுக்கும் வரும், வராது என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரருக்கு முன்னால் எங்கள் ஆளைத் தெரியாதவர் மாதிரி நிற்கிற வியாதி. வேறு ஒருவரின் மெதுவான படத்தைப் பொறுமையான படம் என்போம். எங்கள் பிள்ளை எடுத்தால் இழுவை என்போம். பிறகு நான் பக்கம் சாராதவள் என்று நெஞ்சை நிமிர்த்துவோம்.

ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. வெளியே போகும்போது நானும் முன்னறை டிவியைப் போட்டுவிட்டுத்தான் போவேன். கதவைத் திறக்கும்போது ஒரு குரல் கேட்க வேண்டும். செருப்பைக் கழற்றிக்கொண்டே நானும் "வந்திட்டன்" என்பேன். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, மகனுக்கும் இல்லை. அதை ஒரு முன்பின் தெரியாத மனுசன் திரையில் செய்தபோது, என் உடுப்பு அலுமாரியை யாரோ ஊருக்கு முன்னால் திறந்துவிட்டது போல் இருந்தது. படம் மெதுவாகப் போகவில்லை. எனக்குத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரர் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் போனார்கள், என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கும்பிட்டுவிட்டுக் கீழே கன்ரீனில் தோசைக்கு நின்றபோது ஒரு பெண் வந்து கையைப் பிடித்தாள். சுகந்தி. முன்பு நான் வேலை செய்த நூலகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவள். தாயையும் கூட்டி வந்திருந்தாள். மங்கை அன்ரி, எண்பத்துமூன்று வயது, சக்கர நாற்காலியில் இருந்தா.

"அக்கா, நீங்கள்தானே அந்த இங்கிலாந்துப் பட விழாவில இருக்கிறனீங்கள்? அம்மான்ர தம்பியைப் பற்றி ஒரு பிள்ளை படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கு. சிவபாலன் மாமா. இங்க போடுவினமோ?"

கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தேன். சுகந்தி மிச்சத்தைச் சொன்னாள். பதினேழு வருடத்துக்கு முன் ஊரில் அக்கா தம்பி இருவரின் தாய் இறந்தபோது மங்கை அன்ரி சிட்னியில் இருந்து போய்விட்டா. சிவபாலனுக்கு இங்கிலாந்தில் அப்போது விசா இல்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. செத்தவீட்டில் இருந்து அன்ரி தொலைபேசியில் அவரிடம், "நீ வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டா. அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இப்போது அவர் இருதய வருத்தக்காரன், விமானம் ஏற முடியாது. அன்ரிக்குக் கண். நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, வருட முடிவுக்குள் முகங்கள் தெரியாமல் போய்விடும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

"படத்தில அம்மாவோட கதைக்கிறாராம்," என்றாள் சுகந்தி. "லிங்க் அனுப்பச் சொல்லிக் கேட்டனான். அந்தப் பிள்ளை ஏலாது எண்டிட்டுது. மாமா ஒரேயொரு கொண்டிஷன் போட்டுத்தான் நடிச்சவராம். தன்ர அக்கா வீட்டில தனிய இருந்து பார்க்கக்கூடாது, சனத்துக்கு நடுவில இருந்துதான் பார்க்கோணும் எண்டு."

மங்கை அன்ரி என் பக்கமாக முகத்தைத் திருப்பினா. "வருமோ பிள்ளை?"

"இன்னும் முடிவாகேல்லை அன்ரி," என்றேன். கோயிலடியில் நின்றுகொண்டு சொன்ன பொய். நிராகரிப்புக் கடிதங்கள் அந்தப் புதன்கிழமை போக இருந்தன. அந்தப் பட்டியலில் இந்தப் படம் இருந்தது, நான் போட்டதுதான்.

வீட்டுக்கு வந்து மீதி முப்பத்துமூன்று நிமிடத்தையும் பார்த்தேன். அவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்காருகிறார். கமராவைப் பார்க்காமல், பால் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே சொல்கிறார்: "அக்கா, கோபத்தில கதைக்காமல் விடேல்லை. வெக்கம். நீங்கள் சொன்னது சரியெண்டு எனக்குத் தெரியும், அதுதான் வெக்கம்." மூடியை மூடிவிட்டுத் திரும்பத் திறக்கிறார். அந்தப் பிள்ளை கமராவை அசைக்கவே இல்லை. எவ்வளவு நல்ல படம் என்று அப்போதுதான் பார்த்தேன். பார்த்தேனா, அல்லது மங்கை அன்ரிக்காக அப்படித் தெரிந்ததா? அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

எங்கள் கணினியில் புதன்கிழமை வரைக்கும் மார்க்கை மாற்றலாம். ஒருவருக்கும் தெரியவராது. நாலை அழித்து எட்டு என்று அடித்தேன். சேமிக்கிற இடத்தில் விரல் நின்றது. அந்த விரலை அழுத்தியிருந்தால் மங்கை அன்ரிக்குப் படம் அநேகமாக நிச்சயம். ஆனால் நாலு போட்டது என் வீட்டுத் தனிமைக்காக, எட்டுப் போடுவது அன்ரிக்காக. அந்தப் பிள்ளை இரண்டு வருடம் குளிரில் நின்று எடுத்த படத்துக்கு இன்னும் ஒருவரும் மார்க் போடவில்லை. உண்மையைச் சொன்னால் படம் வேறு ஆட்களின் கைக்குப் போகும், அவர்கள் வேண்டாம் என்றால் அன்ரியின் கதை முடிந்தது. எட்டை அழித்துவிட்டு, படுக்கப் போனேன். நித்திரை வரவில்லை.

திங்கட்கிழமை காலை பரமட்டாவில் ரயில் ஏறி நகரத்து அலுவலகத்துக்குப் போனேன். கொப்பியையும் கொண்டு போனேன். பொறுப்பாளரிடம், நான் பத்தொன்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் பொய்க் குறிப்பு எழுதிவிட்டேன், அதற்கு என் சொந்தக் காரணம் இருந்தது, படத்தை வேறு இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். மங்கை அன்ரியைப் பற்றி அவளுக்கு மட்டும் சொன்னேன். பார்க்கப்போகிறவர்களுக்கு அது தெரியக்கூடாது என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கொப்பியைக் கையில் எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். "நிமிடம் எழுதி, ஏன் என்று எழுதாமல் விட்டது இந்த வருடம் எத்தனை?" என்று கேட்டாள். அவளே எண்ணினாள். பதினொன்று. "இந்தப் பதினொன்றிலும் ஒவ்வோர் ஆள் இருக்கிறான்," என்றாள். "அவர்களுடைய அக்காமாரை நீ கோயிலில் சந்திக்கவில்லை, அதுதான் வித்தியாசம்." என் வேலைக் காலத்தில் எனக்கு விழுந்த அடிகளில் அதுதான் பெரியது. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பதினொரு படத்தையும் வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். கடிதங்களை ஒரு கிழமை தள்ளிப் போட்டாள். சுகந்தி இரண்டு தடவை எனக்குப் போன் எடுத்தாள். முதல் தடவை, இன்னும் தெரியாது என்றேன். இரண்டாவது தடவை போனை எடுக்காமல் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சிவபாலன் படத்துக்கு மெல்பேர்ண் ஆள் எட்டுப் போட்டார். சிட்னி ஆள் ஐந்து. அதாவது ஒருவர் போடலாம் என்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார். பொறுப்பாளர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே பார்த்தாள் என்று பிறகு அறிந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் கூப்பிட்டாள்.

"ஞாயிறு காலை பதினொரு மணி, சின்ன அரங்கு. உன் அன்ரிக்காக இல்லை, அந்தப் போத்தல் மூடிக்காக. நீ அறிமுகம் பேசக்கூடாது."

மற்றப் பத்தில் இன்னொரு படமும் தெரிவானது. அடுத்த வருடம் முழுவதும் நான் போட்ட மார்க்கை எல்லாம் இன்னொருவர் சரிபார்த்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அவள் செய்தது சரி.

நவம்பரில் அந்த ஞாயிறு வந்தது. நாற்பது கதிரை உள்ள அரங்கில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். மங்கை அன்ரி சேலை உடுத்து, தலைக்குப் பூ வைத்து வந்திருந்தா. நடுவில் அவ, ஒரு பக்கம் சுகந்தி, மற்றப் பக்கம் நான். விளக்கு அணைந்து, திரையில் சிவபாலன் சவரம் செய்யத் தொடங்கினார். அன்ரி திரையைப் பார்க்கவில்லை. முகத்தை முழுதாக என் பக்கம் திருப்பிவிட்டா. தம்பியில் இன்னும் கோபமோ, பார்க்க மாட்டாவோ என்று நினைத்தேன்.

சுகந்தி எட்டி என் காதுக்குள் சொன்னாள்: "நடுவில ஒண்டும் தெரியாது அக்கா. இப்பிடித் திரும்பினால்தான் கண் கரையால தெரியும்."

தம்பியைப் பார்ப்பதற்கு அன்ரி அவரிடமிருந்து முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. படம் முழுவதும் அந்த முகம் எனக்கு நேரே இருந்தது. நான் பத்தொன்பதாவது நிமிடத்தில் ஓடித் தப்பிய படத்தை, அந்த முகத்தில் முழுதாகப் பார்த்தேன். இந்த முறை நிறுத்த ஒரு பொத்தானும் இல்லை.

முடிந்த பிறகு வெளிக்கூடத்தில் அன்ரி சுகந்தியிடம் கேட்டா: "இப்ப அங்க எத்தனை மணி?"

"அங்க சாமம் அம்மா. ஒரு மணி."

"அப்ப படுக்கட்டும். இஞ்ச பின்னேரம் போன் எடுப்பம். காரைக் கொண்டு வா."

சுகந்தி போனாள். நாங்கள் இருவரும்தான். நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். "அன்ரி, இந்தப் படத்தை முதல்ல வேண்டாமெண்டு போட்டது நான்தான். பாதியும் பார்க்கேல்லை."

அன்ரி கேட்டா: "எந்த இடத்தில நிப்பாட்டினனீர்?"

"ரேடியோவைப் பார்த்து வந்திட்டன் எண்டு சொன்ன இடத்தில."

"ஏன்?"

"நானும் வீட்டில அப்பிடித்தான் அன்ரி."

அவ கையை நீட்டித் துழாவினா. நான் என் கையைக் கொடுத்தேன். "இருக்கிற பார்வையை மிச்சம் பிடிச்சு வைச்சு வந்தனான்," என்றா. "அந்த இடத்தில நானும் கண்ணை மூடிப்போட்டன் பிள்ளை."

கார் வந்தது. ஏற்றிவிட்டு நான் ரயிலில் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தபோது டிவியில் யாரோ தோட்டம் செய்வது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று நான் "வந்திட்டன்" சொல்லவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

ஏழு மணி போல் சுகந்தி போன் எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள். மாமா போனை எடுத்தவராம். ஹலோ என்றவராம். அம்மா தன் பெயரும் சொல்லவில்லை, சுகம் விசாரிக்கவும் இல்லை. ஒரு பெடியன் பள்ளிக்கூடத்தால் வந்து படலையைத் திறக்கும்போது குசினிக்குள் இருந்து கேட்கிற மாதிரி, "வந்திட்டியோ?" என்று கேட்டாவாம்.

"மாமா கனநேரம் கதைக்கேல்லை அக்கா. பிறகு, 'ஓம் அக்கா, வந்திட்டன்' எண்டார்."

போனை வைத்துவிட்டு டிவியை நிறுத்தினேன். கொப்பியை எடுத்தேன். அந்த வருடத்துப் பக்கத்தில் 19 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இடம் அப்படியே கிடந்தது. ஏன் நிறுத்தினேன் என்பதை அன்றைக்குத்தான் எழுதினேன்: "எனக்குப் பதில் சொல்ல ஆளில்லை."